நாங்களா, நாமளா

என் அக்காவின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாங்கள் வைத்திருந்த பெயர் 'ஒன்னாரெண்டா'. அவர் கண் பரிசோதனை செய்கிறவர். இருட்டறையில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான வட்டச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போடுவார். "இது ஒன்னு." அதை எடுத்துவிட்டு இன்னொன்று. "இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒன்னா, ரெண்டா?" கடை திறந்ததிலிருந்து மூடும் வரை இதே கேள்விதான். வந்தவர் குழம்பினால் அவசரப்படுத்த மாட்டார். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. ஒரு தடவை டீயா காப்பியா என்று கேட்டவரிடம், "ரெண்டையும் இன்னொரு தடவ காட்டுங்க" என்றாராம். இது நான் கட்டிவிட்ட கதை. கேட்டவர்களில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

நான் அதே கடையில் பின்பக்க மேசையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிறவன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் கடைக்குள் 'சார்', வாசலைத் தாண்டினால் 'மாமா'. கல்யாணம் ஆகாதவன் என்பதால் இரண்டு வேளைச் சாப்பாடும் அக்கா வீட்டில். மாமா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக எனக்கே மறந்துவிடும்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோபம் கிடையாது. இப்படி ஒன்றுமே இல்லாத மனிதருக்கு ஏதாவது ஒன்று வந்துதானே ஆக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அவருக்குக் கதை வந்தது.

கைப்பேசியில் தொடர்கதை படிக்கிற செயலி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் கீழே கருத்துச் சொல்லலாம். மாமா அதில் வாரம் ஓர் அத்தியாயம் எழுத ஆரம்பித்தார். கதாநாயகன் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தால் 'மறுகரை' என்கிற விளையாட்டு உலகத்துக்குள் போய்விடுவான். அங்கே அவன் பெரிய வில்லாளி. கூடவே ஒரு மந்திரக்காரி, கோடாலி வைத்த ஒரு குள்ளன், நெருப்புக் கக்கும் ஒரு யாளி. அந்த உலகத்தில் காற்று முகத்தில் அடிக்கும், தேன் இனிக்கும், அம்பு பட்டால் வலிக்கும். விளையாட்டு என்பதே மறந்துபோகும்.

இந்த மாதிரிக் கதைகள் அங்கே மழைக்கு முளைத்த காளானாகக் கிடந்தன. மாமாவுடையதும் அவற்றில் ஒன்று. முதல் சில வாரங்கள் 'அருமை', 'சூப்பர்' என்று யாராவது எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் அன்றைக்கு முழுதும் நாற்காலியில் உட்காருகிற ஆட்களிடம் கூடுதலாக இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு ஒரு வாசகர் வந்து சேர்ந்தார். தனக்குத் தானே 'சும்மா ஒரு சந்தேகம்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவருடைய முதல் கருத்து இதுதான்: "யாளிச் சண்டை அருமை. கதாநாயகன் பொழுதன்னைக்கும் படுத்தே கிடக்கிறானே, ஒன்றுக்கு எங்கே போகிறான்?"

ஒன்னாரெண்டாவிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை.

"நெருப்புக் கக்குற யாளிய நம்புறான். மந்திரக்காரி மலையத் தூக்குறா, அதையும் நம்புறான். இத மட்டும் நம்ப மாட்டேங்கிறான்" என்றார்.

"யாளி எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியாது மாமா. ஒன்னுக்கு எப்படி வரும்னு தெரியுமே."

அடுத்த அத்தியாயத்தில் கட்டிலுக்கு ஒரு குழாய் வைத்தார். அதற்கு அந்தச் சந்தேகக்காரர், "குழாயை யார் மாட்டிவிட்டது? வங்கியில் லீவு யார் கொடுத்தது? கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வி கேட்டார். மாமா கரண்ட் போகாத ஓர் ஊரை உண்டாக்கினார். அதை நாங்கள் யாருமே நம்பவில்லை.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, வண்டி மோதியது, கடை எரிந்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் நடந்ததை எழுதிக் கொடுப்பார்கள். அதைப் படித்து, நிஜமா புளுகா என்று முடிவுசெய்கிற நாற்காலி அக்காவுடையது. ஊரில் பலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்குக் காது கூர்மை, அவ்வளவுதான்.

"புளுகுறவன் கதை நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும்டா" என்பாள். "நெசத்துல எங்கயாவது ஒரு அசட்டுத்தனம் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒருத்தன் கடை எரிஞ்சுபோச்சு. உள்ள அவ்வளவு சாமான் இருக்கு. தீக்குள்ள ஓடிப்போயி தொடப்பத்த எடுத்துட்டு வந்தேன்னு எழுதியிருந்தான். படிச்ச உடனே பாஸ் பண்ணிட்டேன். புளுகுறவனுக்குத் தொடப்பம் தோணாது."

மாமாவின் அத்தியாயங்களையும் அவள் அதே காதோடுதான் படித்தாள். சாப்பாட்டு மேசையில், கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாள். மாமா தட்டைப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவன் பொண்டாட்டி பேர் என்ன?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"யாரு பொண்டாட்டி?"

"உங்க வில்லாளிக்கு வெளிய ஒருத்தி இருக்காளே. கஞ்சி கொண்டாந்து வெச்சுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போறாளே, அவ."

"அவளுக்குப் பேர் வெக்கல. கதைக்கு அவ அவ்வளவு முக்கியம் இல்ல."

"யாளிக்குப் பேர் இருக்கு. குள்ளனோட கோடாலிக்குக்கூடப் பேர் இருக்கு." அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "புருஷன் மாசக்கணக்குல கட்டில்ல கெடக்கான். இவ ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கிறா. என்னால நம்ப முடியல."

மாமா யோசனையோடு தலையாட்டினார். இடி எங்கே விழுந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மழை வரும்போல என்கிற அளவில் தலையாட்டினார்.

நம்பகத்துக்காக அவர் மெனக்கெடவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு மின்சாதனக் கடைக்குப் போனார். அங்கே கண்ணில் மாட்டினால் வேறு உலகம் காட்டுகிற கருவியை வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். மாமா போட்டுக்கொண்டார். விற்பனைப் பெண் மலை உச்சிக் காட்சியைப் போட்டுவிட்டாள். மாமா கைகளை விரித்தார், ஒரு காலை மெல்ல முன்னால் வைத்தார், "பள்ளம், பள்ளம்" என்றார்.

"சார், அது மிக்ஸி அடுக்கு" என்றாள் அந்தப் பெண். அதற்குள் இரண்டு மிக்ஸி கீழே வந்துவிட்டன.

திரும்பி வரும் வழியில் மலை எப்படி இருந்தது என்று கேட்டேன். "மலை பரவாயில்ல" என்றார். "ஆனா மூஞ்சியில படுற அந்த ஸ்பாஞ்சு இருக்கே, அதுல யாரோ ஒருத்தனோட வேர்வ நாத்தம். மலை மேல நிக்கிறேன், மூக்குல அவன் இருக்கான்."

அதை அப்படியே எழுதினார். வில்லாளி முதல் தடவை மாட்டிய கவசத்தில் முன்பு மாட்டிய எவனோ ஒருவனின் வேர்வை நாற்றம். அந்த அத்தியாயத்துக்குச் 'சும்மா ஒரு சந்தேகம்' எழுதினார்: "இப்போது கொஞ்சம் நம்பலாம்போல் இருக்கிறது." மாமா அதை என்னிடம் காட்டினார், முதலாளியிடம் காட்டினார், கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒருவரிடம் அட்டையில் உள்ள எழுத்துகளுக்குப் பதிலாகக் காட்டினார். மூன்றாவது சம்பவம் நான் இட்டுக்கட்டியது. மற்ற இரண்டும் நடந்தவை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது.

அவள் பல வருஷம் காத்திருந்த உயர்வு. ரயிலில் ஒரு பகல் முழுதும் போக வேண்டிய ஊரில் ஒரு கிளை. அதில் இழப்பீட்டுப் பிரிவுக்கே அவள் தலைவி. ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், இன்னொரு தடவை வராது. மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும், வீடு பார்க்க வேண்டும். இவர் வருவாரா, இங்கேயே இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை வந்து போவாரா என்று தெரிய வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"ம்" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "குள்ளனச் சாகடிச்சுரலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அவர்களுடைய மகள், ஒன்பது வயது, வாய் அப்படியே அம்மா, "குள்ளன் பாவம்ப்பா" என்றாள். அப்பாவும் மகளும் குள்ளனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் கடையில் மாமா லென்ஸை வாங்க என் மேசைக்கு வந்தபோது, "மாமா, அக்கா ஒன்னாந்தேதி போறா, தெரியுந்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும் மச்சான். உக்காந்து பேசணும்."

"எப்ப?"

"இந்தக் கோட்டை அத்தியாயம் முடியட்டும்."

காது கேட்காதவன் என்றால் கத்திச் சொல்லலாம். இவருக்கு எல்லாம் கேட்டது. தலைக்குள் போய் உட்கார இடம் இல்லை. அங்கே ஒரு யாளி கால் நீட்டிப் படுத்திருந்தது.

அக்கா மறுபடி கேட்டாள், வேறு விதமாக. "தரகர் அங்க ரெண்டு வீடு சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை பாக்கப் போலாமா? சனிக்கிழமை ராத்திரி ஏறினா திங்கக்கிழமை காலைல திரும்பிடலாம்."

மாமா வாயில் இருந்ததை விழுங்கினார். "இந்த வாரம் முடியாதே. நாங்க கோட்டைக்குள்ள போகப்போறோம்."

அக்காவின் கரண்டி நின்றது. "நாங்கன்னா?"

"நான், மந்திரக்காரி, குள்ளன்..." என்று விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"யாளி?" என்றாள் மகள்.

"யாளியுந்தான்" என்றார் மாமா, பழக்கத்தில்.

குழந்தை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற மனைவியிடம் ஒருவன் 'நாங்க' என்கிறான். அந்த நாங்களில் அவள் இல்லை, பெற்ற பிள்ளை இல்லை, யாளி இருக்கிறது. தமிழில் ஒரே சொல்லில் ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடலாம், கதவைச் சாத்தக்கூட வேண்டியதில்லை. மாமா இப்போதாவது தலை குனிவார் என்று எதிர்பார்த்து அவரைப் பார்த்தேன். அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டிருந்தது. வெகுநாளாகத் தேடிய சாவி கட்டிலுக்கடியில் கிடைத்தவர் முகம். பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், கை கழுவினார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மூஞ்சியப் பாத்தியாடா?" என்றாள் அக்கா. "அவருக்கு என்னவோ கெடச்சுருச்சு."

கிடைத்ததை மூன்று நாளில் நாங்கள் எல்லோருமே படித்தோம். அத்தியாயத்தில் வில்லாளி கவசத்தைக் கழற்றிவிட்டு எழுந்து உட்காருகிறான். பேரில்லாத அந்த மனைவி, குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு மருத்துவரிடம் போகலாமா என்று கேட்கிறாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு, "முடியாது, நாளைக்கு நாங்க கோட்டைக்குள்ள போறோம்" என்கிறான். "நாங்கன்னா யாரு?" என்கிறாள் அவள். அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறான். பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். அவ்வளவுதான். அம்பு இல்லை, நெருப்பு இல்லை.

கருத்துகள் கொட்டின. யாரோ ஒரு பெண், தன் கணவனிடம் வாசித்துக் காட்டிவிட்டு அவனிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுதியிருந்தாள். யாளியின் நெருப்பைவிட இந்த ஒரு சொல் சுடுகிறது என்றார் இன்னொருவர். 'சும்மா ஒரு சந்தேகம்' இப்படி எழுதியிருந்தார்: "சந்தேகம் இல்லை. இந்த ஆள் அந்த உலகத்தில்தான் வாழ்கிறான் என்று இன்றைக்குத்தான் நம்பினேன்."

அவர் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மாமா அதற்கு முன்னால் மறுகரையின் மலையை எழுதினார், தேனை எழுதினார், காற்றை எழுதினார். ஒருவரும் அங்கே போகவில்லை. அந்த உலகம் நிஜம் என்று தெரிந்தது, இந்தப் பக்கத்தில் ஒருத்தியின் முகம் வாடியபோதுதான். கதைக்கு அது நல்லது. கதை எழுதுகிறவன் வீட்டுக்கு எப்படி என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மாமா கேக் வாங்கிக்கொண்டு வந்தார். நானும் கூட வந்தேன். வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குப் பசை நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் அவளுடைய புத்தகங்களை இன்னொரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்து, "படிச்சியா?" என்றார்.

"படிச்சேன். நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "மொத தடவையா நம்பும்படி இருக்கு."

இத்தனை வாரத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல் அது. மாமா கேக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பரீட்சையில் தேறியவர்போல நின்றார். அக்கா நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாங்க ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்" என்றாள்.

மாமாவின் உதடு அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. அவருடைய நாற்காலியில் உட்காருகிறவர்கள் லென்ஸ் மாறியதும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். பிறகு அவரை அறியாமலேயே கடைக் குரலில், அதே இழுவையில் கேட்டார்.

"நாங்களா... நாமளா?"

அக்கா நிமிரவில்லை. "மொதல்ல சொன்னதுதான் தெளிவா இருக்கு."

கேக்கை மகளும் நானும் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்கு மாமாவும் வந்தார். பெட்டி தூக்கினார், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், தண்ணீர்ப் புட்டி வாங்கிக் கொடுத்தார். ரயில் நகர்ந்த பிறகும் அவர் கையில் ஒரு புட்டி மிச்சம் இருந்தது. அக்காவும் மாமாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். மாதம் ஒரு தடவை போய் வருவதாக ஒரு பேச்சு இருந்தது. முதல் மாதம் அவர் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று என்னிடம் கேட்டார். இருக்கிற முகத்தோடு போங்கள் என்றேன்.

கடையில் அவருக்கு நிதானம் தப்பியது. "இது ஒன்னு" என்பார். லென்ஸை எடுப்பார். இரண்டாவதைப் போட மறந்துவிட்டு, "எது தெளிவா இருக்கு?" என்பார். வெறும் சட்டத்தை மாட்டியிருந்த ஒரு பெரியவர், "ரெண்டுதான் தெளிவு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கதை பாதியில் நின்றது. வாசகர்கள் கோட்டைக்குள் போனார்களா இல்லையா என்று கேட்டுத் துளைத்தார்கள்.

கடைசியில் ஒரு முடிவு எழுதினார். வில்லாளி கவசத்தைத் தரையில் அடித்து உடைக்கிறான். மனைவி போய்விட்ட ஊருக்கு ஓடுகிறான். கொட்டுகிற மழையில் அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். படித்தபோது எனக்கே கண் கலங்கியது, அதை மறைப்பானேன். 'சும்மா ஒரு சந்தேகம்' கலங்கவில்லை. "நம்ப முடியவில்லை. வங்கி வேலையை என்ன செய்தான்? கையில் என்ன கொண்டுவந்தான்? போய் நின்றால் போதுமா?"

அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள். அந்த ஊர் தண்ணீர், மகளின் புது டீச்சர் என்று பேசிவிட்டு, "அந்த முடிவப் படிச்சேன்" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"கிளெய்ம் தள்ளுபடி."

"ஏன்க்கா? அழுறாங்களே ரெண்டு பேரும்."

"அழுறது, மழை, கதவு எல்லாம் சரியா நூல் புடிச்ச மாதிரி இருக்கு. ஒரு தொடப்பம் இல்லையேடா."

மாமாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து அந்த முடிவை அழித்தார். இரண்டு வாரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு நாள் பின்பக்க மேசைக்கு வந்து நின்றார்.

"மச்சான், உள்ள இருக்கிற லென்ஸ் பெட்டி என்னோடதுதானே?"

அவருடையதுதான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அவரே வாங்கியது. பரிசோதனை லென்ஸ்கள் வரிசை வரிசையாக நிற்கிற மரப்பெட்டி. தூக்கினால் தோள் இறங்கிவிடும்.

"உங்களோடதுதான். ஏன், எத்தன நாள் லீவு?"

"லீவு இல்ல" என்றார். "மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன்."

நானும் கூடப் போனேன். பெட்டி கனம் என்பது ஒரு காரணம். கதவைத் திறந்து அக்கா இரண்டு கேள்வி கேட்டால் இவர் மறுகரைக்கு ஓடிவிடுவார் என்பது இன்னொரு காரணம். ரயிலில் மேல்தட்டு காலியாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கால் மரத்துப்போய் நடுவில் இரண்டு தடவை என் மடிக்கு மாற்றினார்.

அக்காவின் புது வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் மகள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாங்கப்பா, எங்க வீட்டக் காட்டுறேன். இது எங்க ரூம். இது எங்க அலமாரி. இந்த ஜன்னல்ல நின்னா எங்களுக்கு ரயில் தெரியும்."

குழந்தை வஞ்சனை இல்லாமல் சொன்னாள். ஒவ்வோர் 'எங்க'வுக்கும் மாமா தலையாட்டினார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் பார்த்து முடித்ததும் நாற்காலியின் நுனியில் விருந்தாளிபோல உட்கார்ந்து, பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். கொக்கியை நீக்கித் திறந்து, வரிசையில் ஏதாவது குறைகிறதா என்று பார்க்கிறவள்போலப் பார்த்து மூடினாள்.

"மொதலாளி?"

"சொல்லிட்டேன்."

"இங்க?"

"ரயிலடி பக்கத்துல ஒரு கடை. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. இப்போதைக்கு அரை நாள்தான்."

"கதை?"

"பாதியில நிக்குது."

"ஏன் பெட்டிய மடியிலயே வெச்சிருக்கீங்க?"

"எங்க வெக்கிறதுன்னு தெரியல."

அக்கா அவருடைய பையை எடுத்துத் திறந்தாள். மாற்றுச் சட்டை ஒன்றுகூட இல்லை. துண்டு இல்லை, சீப்பு இல்லை. பழைய வீட்டுக் குளியலறையில் கிடந்த பிளாஸ்டிக் மக் இருந்தது, கைப்பிடி விரிசல் விட்ட நீல மக். அதற்குள் ஒரு தலையணை உறையைத் திணித்திருந்தார், அதுவும் பாதிதான் உள்ளே போயிருந்தது.

"இது எதுக்கு?" என்றாள்.

மாமா மக்கைப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது. "தெரியல. கிளம்புறப்ப கையில வந்துச்சு."

அக்கா அந்த மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலுவலகத்தில் அவள் பார்க்கிற பார்வை அது. என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒன்னுக்குப் போகணும்" என்றார் மாமா. ரயிலில் இறங்கியதிலிருந்தே அடக்கியிருப்பார்போல.

"குழாயில தண்ணி வராது. நேத்து ரிப்பேருக்கு அடைச்சவங்க திறக்காமயே போயிட்டாங்க" என்றாள் அக்கா. "மாடிப்படிக்குக் கீழ ரெண்டு வால்வு இருக்கும். போய்த் திறந்துட்டு வாங்க."

மாமா பெட்டியை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் மகளின் புத்தக மேசை மேல் வைத்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

"ஒன்னா, ரெண்டா?"

அக்கா அதற்குள் மக்கை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விட்டாள். குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு. ரெண்டாவதுதான் நம்மது."

மாமா கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் குழாய் இரண்டு தடவை இருமியது, பிறகு மக்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.